எலக்ட்ரான் ஏற்பிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கரிம மின்னணுவியலில் எலக்ட்ரானை ஏற்கும் பொருட்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆய்வகத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களின் கேள்விகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் எலக்ட்ரானை ஏற்கிறது. அப்படியிருக்க ஃபுல்லரீன் போன்றவற்றை மட்டும் ஏன் 'ஏற்பி' என்று தனியாகச் சொல்கிறார்கள்?

பதில்: பெர்மாங்கனேட் வாங்கிய எலக்ட்ரானைத் திருப்பித் தராது. வாங்கிய கையோடு வேறு பொருளாக மாறிவிடும். மின்னணுக் கருவிக்குள் இருக்கும் மூலக்கூறு எலக்ட்ரானை வாங்க வேண்டும், அதனால் உடையக்கூடாது, பக்கத்து மூலக்கூறிடம் அதைக் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே வர வேண்டும். கருவியின் ஆயுள் முழுக்க இது ஓயாமல் நடக்க வேண்டும்.

வரும் எலக்ட்ரான் போய் உட்காரும் இடம், காலியாக உள்ள ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான் அமரும் ஆற்றல் மட்டங்களில்) மிகத் தாழ்ந்தது. அதைத்தான் லூமோ என்கிறோம். 1985இல் கண்டறியப்பட்ட சி60 ஃபுல்லரீனில் ஒரே ஆற்றலுடைய மூன்று லூமோக்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு என ஆறு எலக்ட்ரான்கள் அமரலாம். ஆறு எலக்ட்ரான்களையும் படிப்படியாக ஏற்றித் திரும்ப இறக்க முடியும் என்று 1992இல் குளிர்ந்த கரைசலில் அளந்தே காட்டினார்கள்.

சாதாரண வளைய மூலக்கூறு ஒன்றை ஏற்பியாக மாற்ற, எலக்ட்ரானை இழுக்கும் தொகுதிகளை அதில் கட்ட வேண்டும். இமைடு, சயனோ, ஃபுளோரின் ஆகியவையே பெரும்பாலும் பயன்படுகின்றன. நாப்தலீன் டைஇமைடு, பெரிலீன் டைஇமைடு எல்லாம் இப்படி வந்தவை. பெரிலீன் டைஇமைடுகள் கார் பெயின்டில் சிவப்பு நிறமியாக இருந்தவை என்பதை நினைவில் வையுங்கள். வெயிலில் வெளுக்காத அதே உறுதிதான் கருவிக்கும் கைகொடுக்கிறது.

லூமோ எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். சூரிய மின்கலத்தில் ஏற்பியின் லூமோ தேவைக்கு மேல் ஆழமாகப் போனால் வோல்டேஜ் குறையும்.

கேள்வி: சிலிக்கான் மின்கலம் ஒரே பொருளால் ஆனது. கரிம மின்கலத்தில் மட்டும் எலக்ட்ரானைக் கொடுக்கும் வழங்கி, வாங்கும் ஏற்பி என இரண்டைக் கலப்பது ஏன்?

பதில்: முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிலிக்கானில் போரானை 'ஏற்பி அணு' என்பது டோப்பிங் கணக்கு, அதாவது கடத்தலைக் கூட்ட வேற்று அணுவைச் சிறிதளவு சேர்ப்பது. இங்கே பேசும் ஏற்பி அது அல்ல.

சிலிக்கானின் ஒப்புமை விடுதிறன் 11.7. அதனால் ஒளி பட்டுப் பிறக்கும் எலக்ட்ரானுக்கும் துளைக்கும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடத்துக்கும்) இடையிலான ஈர்ப்பு மங்கிப்போய், அறை வெப்பமே இரண்டையும் பிரித்துவிடுகிறது. கரிமப் பொருளில் இந்த எண் 3 அல்லது 4தான். எலக்ட்ரானும் துளையும் எக்ஸிட்டான் என்ற இணையாகக் கட்டுண்டு கிடக்கும். பிணைப்பு ஆற்றல் 0.3 முதல் 0.5 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பம் தருவதோ 0.025தான். இந்த இணையை வெட்டிப் பிரிக்க, எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் இன்னொரு பொருள் அருகிலேயே இருக்க வேண்டும். அதுதான் ஏற்பி.

எவ்வளவு அருகில்? எக்ஸிட்டான் அழிவதற்குள் பொதுவாகச் சுமார் 10 நானோமீட்டர்தான் நகரும். ஆனால் ஒளியைப் போதிய அளவு உறிஞ்ச 100 நானோமீட்டர் தடிமனாவது வேண்டும். 1986இல் சிங் டாங் தாமிர தாலோசயனின் மீது பெரிலீன் வழிப்பொருளை அடுக்கிச் செய்த மின்கலம் சுமார் 1 விழுக்காட்டோடு நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரு படலங்களும் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் பிறந்த எக்ஸிட்டான்களே பிழைத்தன. 1992இல் சரிசிஃப்ட்சி, ஹீகர் குழுவினர், பாலிமரிலிருந்து சி60க்கு எலக்ட்ரான் மிக வேகமாகத் தாவுவதைக் காட்டினார்கள். 1995இல் இரண்டையும் ஒரே கரைசலில் கலந்து, படலம் முழுக்கச் சந்திகள் இருக்கும்படி செய்தார்கள். எக்ஸிட்டான் எங்கே பிறந்தாலும் எட்டும் தூரத்தில் ஏற்பி இருக்கும்.

பிரித்தால் மட்டும் போதாது. எலக்ட்ரான் மின்முனை வரை போக, ஏற்பி மூலக்கூறுகள் விடுபடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒன்றோடொன்று மோதும். மிக நுணுக்கமாகக் கலந்தால் பாதை அறுந்துபோகும், பெரிய திட்டுகளாகப் பிரிந்தால் எக்ஸிட்டான் வந்து சேராது. அடுத்த கேள்வியில் நடந்திருப்பது இந்த இரண்டாவது கோளாறு.

கேள்வி: முதுகலைத் திட்டப்பணிக்காகப் பி3எச்டி (வழங்கிப் பாலிமர்), பிசிபிஎம் (ஃபுல்லரீன் வகை ஏற்பி) கலவையில் மின்கலம் செய்தோம். 1:1 எடை விகிதம். 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கிவிட்டு அலுமினியம் படிய வைத்தோம். திறன் 0.8 விழுக்காடுதான். நுண்ணோக்கியில் படலம் முழுக்க ஊசி ஊசியாகத் தெரிகிறது. எங்கே பிழை?

பதில்: நீங்கள் பார்த்த ஊசிகள் பிசிபிஎம் படிகங்கள். விகிதத்தில் தவறில்லை. நேரமும் வரிசையும்தான் தவறு. 150 டிகிரியில் பிசிபிஎம் மூலக்கூறுகள் பாலிமருக்குள் நகர்ந்து ஒன்றோடொன்று சேரும். 10 நிமிடத்தில் அது நன்மை, பாதைகள் உருவாகும். ஒரு மணி நேரம் போனால் மைக்ரோமீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிடும். ஊசியைச் சுற்றியுள்ள பகுதியில் ஏற்பியே மிஞ்சாது. மேலே உலோகமும் இல்லாததால் படிகம் மேல்நோக்கி முட்டிக்கொண்டு வளர இடம் கிடைத்திருக்கிறது.

மறுபடி செய்யும்போது இப்படிச் செய்யுங்கள். ஐடிஓ (ஒளி புகும் மின்முனை) பூசிய கண்ணாடியைச் சோப்புக் கரைசல், நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என வரிசையாக அல்ட்ராசோனிக் தொட்டியில் 10 முதல் 15 நிமிடம் கழுவி, உலர்த்தி, 15 நிமிடம் புற ஊதா ஓசோனில் வையுங்கள். துளை கடத்தும் பாலிமரான பெடாட்-பிஎஸ்எஸ் கரைசலை 0.45 மைக்ரான் பிவிடிஎஃப் வடிகட்டியில் வடித்து, நிமிடத்துக்கு 4000 முதல் 5000 சுற்றில் பூசி, 150 டிகிரியில் 15 நிமிடம் உலர்த்துங்கள். பிடிஎஃப்இ வடிகட்டியை இதற்கு எடுக்காதீர்கள். அது நீரை விடாது, அழுத்தினால் சிரிஞ்ச் தெறிக்கும்.

அடுத்தது கலவை. 20 மில்லிகிராம் பி3எச்டி, 16 முதல் 20 மில்லிகிராம் பிசிபிஎம், 1 மில்லிலிட்டர் ஆர்த்தோ டைகுளோரோபென்சீன். நைட்ரஜன் நிறைந்த கிளவ் பாக்ஸில் 60 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கி, இப்போது பிடிஎஃப்இ வடிகட்டியில் வடியுங்கள். நிமிடத்துக்கு 800 சுற்றில் பூசிப் படலம் ஈரமாக இருக்கும்போதே எடுத்து, மூடிய பெட்ரி தட்டில் மெதுவாகக் காய விடுங்கள்.

இங்கே கண்ணையே கருவியாகப் பயன்படுத்தலாம். ஈரப்படலம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். காயக் காயப் பாலிமர் சங்கிலிகள் அடுக்காக ஒழுங்குபட்டு, ஓரத்திலிருந்து ஊதா கலந்த அடர்சிவப்பு பரவி வரும். நிறமாலைமானியில் வைத்தால் 600 நானோமீட்டருக்கு அருகில் ஒரு தோள் தெரியும். நிறம் ஆரஞ்சிலேயே நின்றுவிட்டால் கரைப்பான் வேகமாகப் பறந்துவிட்டது, சங்கிலிகளுக்கு ஒழுங்குபட நேரமில்லை என்று பொருள். அந்தப் படலத்தின் மேல் உலோகத்தை வீணாக்க வேண்டாம்.

பிறகு 20 நானோமீட்டர் கால்சியம், அதன் மேல் 100 நானோமீட்டர் அலுமினியம். சூடாக்குவதை இதற்குப் பிறகே செய்யுங்கள், 150 டிகிரியில் 10 நிமிடம். உலோகம் மூடியிருப்பதால் ஊசி வளர்வதும் குறையும். ஒழுங்காக வந்தால் திறந்த சுற்று வோல்டேஜ் 0.6 வோல்ட்டுக்குப் பக்கத்திலும், மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 8 முதல் 10 மில்லிஆம்பியரும், திறன் 3 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும். வோல்டேஜ் 0.3 வோல்ட்டில் நின்றால் கால்சியம் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதா என்று பாருங்கள், படலத்தில் தூசியோ ஓட்டையோ இருந்து ஷார்ட் ஆகிறதா என்றும் பாருங்கள். வளைகோடு இடையில் நெளிந்து ஆங்கில எழுத்து எஸ் போல் வந்தால் மின்முனைக்கும் படலத்துக்கும் இடையில் எலக்ட்ரான் தேங்குகிறது. அப்போது கலவையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: ஃபுல்லரீன் காலம் முடிந்துவிட்டதா? ஃபுல்லரீன் அல்லாத ஏற்பியான ஒய்6க்கு மாறினால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: சூரிய மின்கலத்தின் ஒளி உறிஞ்சும் படலத்தைப் பொறுத்தவரை, ஆம், பெருமளவு முடிந்துவிட்டது. சி60 சமச்சீர் மிகுந்தது. அதனாலேயே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதன் உறிஞ்சல் மிகக் குறைவு. படலத்தில் பாதி எடைக்கு இருந்துகொண்டு ஒளிக்கு அதிகம் உதவாத பொருள் அது. லூமோவை நினைத்தபடி மாற்றவும் வழி குறைவு. 2015இல் வந்த, ஃபுல்லரீன் அல்லாத ஐடிஐசி மூலக்கூறு இந்த இரு தடைகளையும் உடைத்தது. 2019இல் வந்த ஒய்6, சுமார் 900 நானோமீட்டர் வரை அகச்சிவப்பையும் உறிஞ்சி, பிஎம்6 பாலிமரோடு சேர்ந்து 15.7 விழுக்காடு தந்தது. அதன் வழிவந்தவை 19 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகைப் பொருளால் ஆன மின்கலங்களில் மட்டும் சி60 இன்னும் அசையாமல் நிற்கிறது. அங்கே ஒளியை உறிஞ்சுவது பெரோவ்ஸ்கைட், 20 நானோமீட்டர் சி60க்கு எலக்ட்ரானை வாங்கிக் கடத்தும் வேலை மட்டும்தான். அதை அது அருமையாகச் செய்கிறது.

மாற வேண்டியவை: பிஎம்6க்கும் ஒய்6க்கும் எடை விகிதம் 1:1.2. கரைப்பான் குளோரோஃபார்ம், மொத்தச் செறிவு மில்லிலிட்டருக்கு 16 மில்லிகிராம். பூசுவதற்கு முன் கன அளவில் 0.5 விழுக்காடு குளோரோநாப்தலீன், அதாவது 1 மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோலிட்டர். இதை 50 மைக்ரோலிட்டர் ஊற்றிவிட்டுப் படலம் பிசுபிசுக்கிறது என்று தவிப்பவர்கள் உண்டு. குளோரோநாப்தலீனின் கொதிநிலை 260 டிகிரி அளவு. கூடினால் படலத்தை விட்டு வெளியேறாது. பூசிய பின் 100 டிகிரி வாக்கில் 5 முதல் 10 நிமிடம் போதும். பழைய பழக்கத்தில் 150 டிகிரியில் வைக்காதீர்கள்.

குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால், கரைசலைச் சொட்டுவதற்கும் சுழற்றுவதற்கும் இடையில் இரண்டு நொடி தாமதித்தாலே தடிமன் மாறிவிடும். சுழன்றுகொண்டிருக்கும் கண்ணாடியின் மீது ஒரே மூச்சில் சொட்டுங்கள். குப்பியைத் திறந்து வைத்தால் செறிவு ஏறிக்கொண்டே போகும். காலையில் செய்த மின்கலமும் மாலையில் செய்ததும் ஒத்துவராததற்குப் பல நேரம் இதுவே காரணம்.

துத்தநாக ஆக்சைடு அடுக்கின் மேல் ஒய்6 வகையைப் பூசினால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. புற ஊதா ஒளி பட்டதும் துத்தநாக ஆக்சைடு ஒளிவினையூக்கியாகி, மூலக்கூறின் நடுப்பகுதியையும் முனைத் தொகுதியையும் இணைக்கும் இரட்டைப் பிணைப்பை உடைக்கிறது. மின்கலம் மெல்லச் சாகும். புற ஊதாவை வடிகட்டுங்கள், அல்லது வெள்ளீய ஆக்சைடுக்கு மாறுங்கள்.

கேள்வி: நைட்ரைல் கையுறை போட்டால் குளோரோஃபார்முக்குப் போதுமா?

பதில்: போதாது. மெல்லிய நைட்ரைலைக் குளோரோஃபார்ம் சில நிமிடங்களிலேயே ஊடுருவும். மேலே பட்டால் உடனே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தொடர்ந்து கையாள வேண்டுமானால் பாலிவினைல் ஆல்கஹால் அல்லது வைட்டான் கையுறை வேண்டும். முன்னது நீரில் கரையும் என்பதையும் மறக்க வேண்டாம். கழிவுப் புட்டியில் குளோரோஃபார்மும் அசிட்டோனும் சேரவே கூடாது. அதில் சிறிது காரம் இருந்தாலும் கடும் வெப்பத்துடன் வினை நடந்து புட்டி வெடிக்கலாம். ஐடிஓ கழுவிய அசிட்டோனுக்குத் தனிப் புட்டி வையுங்கள்.

கேள்வி: ஒரே மூலக்கூறுக்கு ஒரு கட்டுரையில் லூமோ −3.85 எலக்ட்ரான் வோல்ட், இன்னொன்றில் −4.15. இருவரும் சுழற்சி வோல்டாமெட்ரியில்தான் (வோல்டேஜை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பார்க்கும் முறை) அளந்திருக்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரண்டு எண்களையும் கழித்துப் பாருங்கள். சரியாக 0.30. அளவீடு இருவருக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும், மாறியது கணக்குப் போட்ட முறை. ஒப்பீட்டுக்குப் பயன்படும் ஃபெரோசீன் என்ற சேர்மத்தின் மட்டத்தை வெற்றிடத்துக்கு 4.8 எலக்ட்ரான் வோல்ட் கீழே என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், 5.1 என்று வேறு சிலர். ஒடுக்கம் தொடங்கும் இடம் ஃபெரோசீனோடு ஒப்பிட −0.95 வோல்ட் என்றால், முதல் வழக்கப்படி 4.8இலிருந்து 0.95 போக 3.85. இரண்டாவது வழக்கப்படி 4.15. அதனால் கட்டுரையில் லூமோ எண்ணைப் பார்க்கும் முன், ஃபெரோசீனுக்கு எதிரான வோல்ட் அளவைத் தேடுங்கள். அது இல்லாத அட்டவணையை வேறு அட்டவணையோடு ஒப்பிட முடியாது. வழங்கியையும் ஏற்பியையும் வெவ்வேறு கட்டுரைகளிலிருந்து எடுத்து ஒரே ஆற்றல் மட்டப் படத்தில் வரைவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. 0.3 என்பது எலக்ட்ரான் தாவுமா தாவாதா என்பதையே மாற்றிவிடும் அளவு.

நீங்களே அளப்பதானால்: ஏற்பி 1 மில்லிமோலார், டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஹெக்ஸாஃபுளோரோ பாஸ்பேட் 0.1 மோலார், உலர்ந்த டைகுளோரோமீத்தேன். கிளாசி கார்பன் மின்முனை, நொடிக்கு 100 மில்லிவோல்ட். ஏற்பியைச் சேர்க்கும் முன் வெறும் கரைசலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதில் எதிர்மின்னழுத்தப் பக்கம் மேடு தெரிந்தால் அது கரைந்திருக்கும் ஆக்சிஜன். ஏற்பிகள் ஒடுக்கம் அடையும் பகுதியிலேயே அதுவும் வந்து நிற்கும், ஏமாந்துவிடுவோம். ஆர்கானோ நைட்ரஜனோ 15 நிமிடம் குமிழியிட்டு விரட்டுங்கள். வாயுவை முதலில் டைகுளோரோமீத்தேன் புட்டி வழியாகச் செலுத்திக் கொண்டுவந்தால் கலத்தில் கரைப்பான் குறையாது. ஓட்டும்போது குமிழியை நிறுத்தி, வாயுவைக் கரைசலின் மேற்பரப்பில் மட்டும் பாய விடுங்கள். கடைசியில் அதே கரைசலில் சிறிது ஃபெரோசீன் போட்டு மறுபடி ஓட்டுங்கள். வெள்ளிக் கம்பி ஒப்பீட்டு மின்முனை நாளுக்கு நாள் நகரும், நேற்றைய ஃபெரோசீன் அளவு இன்றைக்கு உதவாது.

இன்னொரு குறுக்கு வழியைக் கைவிடச் சொல்வோம். ஹோமோவை (எலக்ட்ரான் நிரம்பிய ஆர்பிட்டால்களில் மிக உயர்ந்ததை) வோல்டாமெட்ரியில் அளந்து, அதோடு ஒளியியல் இடைவெளியை (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்த ஆற்றலை) கூட்டி லூமோ என்று எழுதுவது. ஒளியியல் இடைவெளியில் எக்ஸிட்டானின் பிணைப்பு ஆற்றல் கழிந்துதான் கிடைக்கிறது. அதனால் வரும் லூமோ உண்மையைவிட ஆழமாகத் தெரியும்.

கேள்வி: என்-வகை (எலக்ட்ரானைக் கடத்தும்) கரிம டிரான்சிஸ்டர் கிளவ் பாக்ஸில் வேலை செய்கிறது, வெளியே எடுத்ததும் செத்துவிடுகிறது. லூமோ −3.8. தங்க மின்முனை, சிலிக்கான் டை ஆக்சைடு மின்காப்பு. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மூலக்கூறு எலக்ட்ரானை ஏற்கிறது. ஆனால் எலக்ட்ரானுக்கு மூன்று இடங்களில் தடை இருக்கிறது.

முதலாவது காற்று. எலக்ட்ரான் ஏறிய மூலக்கூறு ஓர் எதிர்மின் அயனி. அதன் லூமோ தோராயமாக −4.0க்கு மேலே இருந்தால் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்த எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். −3.8 என்பது ஆபத்தான இடம். பக்கச் சங்கிலியில் ஃபுளோரின் ஏற்றிய ஆல்கைல் தொகுதி வைத்தால், அவை நெருக்கமாக அடுங்காமல் அடுக்கப்பட்டு ஆக்சிஜனை உள்ளே விடாமல் ஓரளவு காக்கும். சயனோ தொகுதி சேர்த்து லூமோவையே இறக்குவது இன்னும் உறுதியான வழி. உங்களுடையது எந்த வகைச் சாவு என்று கண்டுபிடிக்க, கருவியை வெற்றிடத்தில் 100 முதல் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். உயிர் வந்தால் எலக்ட்ரான் பிடிபட்டுத்தான் கிடந்தது. வராவிட்டால் மூலக்கூறே வினைபுரிந்து கெட்டுவிட்டது.

இரண்டாவது, சிலிக்கான் டை ஆக்சைடின் மேற்பரப்பு. அங்கே நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் எலக்ட்ரானைச் சிறைபிடிக்கும். துளை மட்டுமே கடத்தும் என்று நம்பப்பட்ட பல பாலிமர்கள், ஹைட்ராக்சில் இல்லாத மின்காப்பின் மீது எலக்ட்ரானையும் நன்றாகக் கடத்தும் என்று 2005இல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியபோது, குற்றவாளி பாலிமர் அல்ல என்று தெரிந்தது. மேற்பரப்பை ஓடிஎஸ் சிலேனால் மூடுங்கள். நன்றாகப் படிந்ததா என்று அறிய ஒரு சொட்டு நீர் போதும். வெறும் ஆக்சைடில் பரவி ஒட்டிக்கொள்ளும் நீர், ஓடிஎஸ் மீது 100 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் முத்தாக நிற்கும். உங்கள் கரிமக் கரைசலும் அதே போல் உருண்டு ஓடப் பார்க்கும் என்பதுதான் இதில் தொல்லை. அப்படியானால் கேட்டை (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்முனையை) மேலே கொண்டுபோங்கள். குறைக்கடத்தியை முதலில் பூசி, அதன் மேல் சைட்டாப் அல்லது பிஎம்எம்ஏ மின்காப்பு, அதற்கு மேல் கேட். மின்காப்பே காற்றுக்கு மூடியாகவும் ஆகிவிடும். நாப்தலீன் டைஇமைடு பாலிமரான என்2200, 2009இல் காற்றிலேயே நொடி-வோல்ட்டுக்கு 0.45 முதல் 0.85 சதுர சென்டிமீட்டர் இயக்க எண் (எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு) காட்டியது இந்த மேல்-கேட் அமைப்பில்தான். என்-வகையில் புதிதாக இறங்குபவர்கள் இந்தப் பாலிமரில் தொடங்குவது நல்லது. அது வேலை செய்யாவிட்டால் கோளாறு உங்கள் கருவியமைப்பில் என்று உறுதியாகச் சொல்லலாம்.

மூன்றாவது தங்கம். தூய தங்கத்தின் வெளியேற்று ஆற்றல் (உலோகத்திலிருந்து எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) சுமார் 5.1 எலக்ட்ரான் வோல்ட். உங்கள் லூமோவுக்கு ஏற ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் சுவர் நிற்கிறது. கால்சியத்துக்கு மாறினால் காற்றில் அதுவும் போய்விடும். தங்கத்தை வைத்துக்கொண்டே அதன் மீது பிஇஐஇ என்ற அமீன் பாலிமரை மெல்லிதாகப் பூசலாம். மெத்தாக்ஸி எத்தனாலில் எடையில் 0.4 விழுக்காடாக நீர்க்கச் செய்து, நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஒரு நிமிடம், பிறகு 100 டிகிரியில் 10 நிமிடம். தங்கத்தின் வெளியேற்று ஆற்றல் 4க்கு அருகில் இறங்கிவிடும். பிஇஐஇ ஒரு மின்காப்பி என்பதால் தடிமனைக் கூட்டினால் மின்னோட்டமே நின்றுவிடும்.

கேள்வி: எஃப்4டிசிஎன்க்யூ வலுவான எலக்ட்ரான் ஏற்பி. அதைத் துளை கடத்தும் அடுக்கில் கலக்கிறார்களே, முரணாக இல்லையா?

பதில்: முரண் இல்லை. அதன் லூமோ −5.2 அளவுக்கு ஆழமானது. பி3எச்டியின் நிரம்பிய ஹோமோ மட்டத்துக்கும் கீழே. அதனால் ஒளியே படாமல் பாலிமரிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து வைத்துக்கொள்ளும். பறிக்கப்பட்ட இடம் துளை, கடத்துவது அந்தத் துளை. ஏற்பி இங்கே எலக்ட்ரானைக் கடத்துவதில்லை, பிடித்து வைப்பதே அதன் வேலை.

இரண்டையும் ஒரே கரைசலில் கலந்தால் பெரும்பாலும் துகள் துகளாகத் திரிந்து வடிகட்டியை அடைக்கும். பி3எச்டி படலத்தை முதலில் பூசிக் காயவிட்டு, எஃப்4டிசிஎன்க்யூவை அசிட்டோநைட்ரைலில் கரைத்து மேலே சொட்டிச் சுழற்றுங்கள். அசிட்டோநைட்ரைல் பாலிமரைக் கரைக்காது, ஏற்பி மட்டும் உள்ளே இறங்கும். படலத்தின் ஊதாச் சிவப்பு அங்கேயே வெளிறுவதைப் பார்க்கலாம். நிறமாலையில் 760, 880 நானோமீட்டருக்கு அருகில் இரண்டு புதிய மேடுகள் எழுந்தால் எலக்ட்ரான் கைமாறிவிட்டது. இது சிறிய மூலக்கூறு, சூட்டில் ஆவியாகும், பக்கத்து அடுக்குக்கும் நகரும். எனவே டோப் செய்த பிறகு அந்தப் படலத்தை அதிகம் சூடாக்காதீர்கள்.